தொட்டால் திறக்கும் பக்கம்

கைப்பேசியில் ஒரு மின்னூலைத் திறக்கிறோம். பொருளடக்கத்தில் ஏழாம் அத்தியாயத்தின் பெயரைத் தொட்டதும் 112ஆம் பக்கம் வந்து நிற்கிறது. அடுத்து இன்னொரு நூலைத் திறக்கிறோம். அதே அளவுப் பக்கம், அதே மாதிரிப் பொருளடக்கம். தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. 112ஆம் பக்கத்தைக் காண விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முதல் நூலில் இருக்கும் ஏதோ ஒன்று இரண்டாவதில் இல்லை. அது கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். இணைப்பு, புக்மார்க் (பக்கத்துக்கு ஓரத்தில் ஒரு பலகையில் நிற்கும் தலைப்புப் பட்டியல்), பொத்தான், நிரப்பும் படிவம், மின்கையொப்பம் என்று பல வடிவங்களில் அது வருகிறது. டி.டி.பி. (மேசைப் பதிப்பு) மென்பொருளில் பக்கம் அமைக்கும் எவரும் இவற்றைச் சேர்க்க முடியும். இவை எப்படி வேலை செய்கின்றன என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அச்சுக்காகப் பிறந்த கோப்பு

ஜான் வார்னாக், சார்ல்ஸ் கெஷ்கி இருவரும் 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வந்தது. எந்த எழுத்து எந்த இடத்தில் விழ வேண்டும், எந்தக் கோடு எவ்வளவு தடிமனில் இருக்க வேண்டும் என்பதை அச்சுப்பொறிக்குச் சொல்லும் மொழி அது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் சந்தைக்கு வந்தன. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் டி.டி.பி. தொழில் பிறந்தது. அச்சுக் கோப்பவர், ஒட்டுபவர், நெகடிவ் எடுப்பவர் என்று பலர் கைமாறிய வேலை ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதன் இலக்கு முழுக்க முழுக்கத் தாள்தான்.

1991இல் வார்னாக் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் வேறெந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் தெரிய வேண்டும், அதே தோற்றத்தில் அச்சாக வேண்டும் என்பதே அதன் சாரம். அதிலிருந்து பிறந்த பி.டி.எஃப் 1993 ஜூனில் வெளியானது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்றுதான் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையின் நிரலை உரிமக் கட்டணமில்லாமல் பொதுவில் வைத்தது. பக்கத்தின் தோற்றத்தை மாறாமல் காப்பது பி.டி.எஃப்பின் வேலை. ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பது வலையின் வேலை. இவ்விரண்டு தேவையும் ஒரே கோப்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு பி.டி.எஃப்பின் முதல் பதிப்பிலேயே விடை இருந்தது: புக்மார்க்கும், கோப்புக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் இணைப்பும் அதில் உண்டு. 1996இல் வந்த 1.2 பதிப்பில் நிரப்பும் படிவங்கள் சேர்ந்தன.

மாறாத பக்கத்தில் மாறும் பொருளை எப்படி வைப்பது? பக்கத்தைத் தொடாமலேயே வைப்பது என்ற வழியைத்தான் வடிவமைத்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

மையில்லாத கட்டம்

பி.டி.எஃப் கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஒன்று, வரைவதற்கான கட்டளைகள்: இந்த எழுத்துருவை எடு, இந்த அளவில் இந்த இடத்தில் இந்த எழுத்துகளைப் போடு, இந்தப் படத்தை இங்கே வை. நாம் கண்ணால் காண்பதெல்லாம் அநேகமாக இந்தக் கட்டளைகளால் வருவதுதான். மற்றது, அந்தப் பக்கத்துக்குரிய ‘அனோட்டேஷன்’ பட்டியல். இணைப்பு, பொத்தான், படிவப் பெட்டி எல்லாம் இருப்பது இந்தப் பட்டியலில். அச்சான பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, தேவையான இடங்களில் மட்டும் அதில் கட்டம் போட்டு வைத்தது போன்ற ஏற்பாடு இது. கீழே இருக்கும் பக்கத்துக்கு மேலே கட்டம் இருப்பதே தெரியாது.

அந்தக் கட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பி.டி.எஃப் பக்கத்தை அளக்கும் அலகு பாயின்ட்; ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஏ4 தாள் ஏறத்தாழ 595 பாயின்ட் அகலம், 842 பாயின்ட் உயரம். அளவு தொடங்கும் மூலை இடது கீழ் மூலை. பள்ளிக்கூடத்து வரைபடத் தாளைப் போலவே எண்கள் வலப்பக்கமாகவும் மேல்நோக்கியும் ஏறும். ஓர் இணைப்பின் கட்டத்தைக் கோப்பு நான்கே எண்களால் குறிக்கிறது: 72, 700, 240, 714. இடது ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அடியிலிருந்து 700 பாயின்ட் உயரத்தில் தொடங்கும் கட்டம். அகலம் 168, உயரம் 14. ஒரு வரி எழுத்தை மூட இது போதும். நான்கு எண்களை அடுத்து, கட்டத்தில் தொட்டால் செய்ய வேண்டிய செயல் எழுதப்பட்டிருக்கும்: இந்தப் பக்கத்துக்குப் போ, இந்த வலை முகவரியைத் திற, அவ்வளவுதான்.

நாம் விரலை வைத்ததும் பி.டி.எஃப் காட்டும் செயலி, விரல் பட்ட புள்ளியைப் பக்கத்தின் அளவுக்கு மாற்றிக் கணக்கிடுகிறது. அந்தப் புள்ளி எந்தக் கட்டத்துக்குள்ளாவது விழுகிறதா என்று பட்டியலைப் பார்க்கிறது. விழுந்தால் செயல் நடக்கும். இதற்காக எழுத்தை அது படிக்க வேண்டியதில்லை. நீல நிறமும் அடிக்கோடும் வாசகருக்கான அடையாளம் மட்டுமே. அவை இல்லாமலும் இணைப்பு வேலை செய்யும். அவை மட்டும் இருந்தால் இணைப்பு ஆகாது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது ஒரு நன்மை. பழைய நூலை ஸ்கேன் செய்த கோப்பில் பக்கமெல்லாம் வெறும் படம். ஆனாலும் படத்தைத் தொடாமலேயே அதன் மேல் இணைப்புகளைப் போடலாம். கோப்புக்கு புக்மார்க்கும் சேர்க்கலாம். நூறாண்டு பழைய பதிப்பின் பொருளடக்கத்தைக் கூட இப்படி உயிர்ப்பிக்க முடியும்.

இரண்டாவது ஓர் ஆபத்து. கீழே மையில் எழுதியிருக்கும் முகவரி ஒன்றாகவும், மேலே கட்டத்துக்குள் இருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம். வங்கியின் முகவரி எழுத்தில் தெரியும். தொட்டால் மோசடித் தளம் திறக்கும். கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் நிறுத்தினால் பெரும்பாலான செயலிகள் உண்மையான முகவரியைக் காட்டும். அதைப் பார்த்த பிறகே சொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தாளில் அச்சானால் மேலடுக்கின் இணைப்புகள் மறைந்துவிடும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று மட்டும் எழுதிய பக்கம் தாளில் பொருளற்றது. ‘பக்கம் 46 காண்க’ என்று எழுதி அதன் மேல் இணைப்பை வைத்தால் திரையிலும் பயன்படும், தாளிலும் பயன்படும்.

இணைப்பு எங்கே பிறக்கிறது?

நான்கு எண்களையும் யாரும் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. போடவும் கூடாது. பக்கம் அமைக்கும் தொழிலில் இருப்பவர்கள் நெஞ்சில் வைக்க வேண்டிய பாடம் இது: இணைப்பு வரைந்து சேர்க்கும் அலங்காரம் அல்ல, ஆவணத்தின் கட்டமைப்பிலிருந்து தானாக விளைய வேண்டியது.

ஒரு தலைப்பை இரண்டு விதமாக அமைக்கலாம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 18 பாயின்ட் ஆக்கி, போல்டு கொடுத்து, நடுவில் நிறுத்தலாம். வாசகருக்கு அது தலைப்பு. கணினிக்கு அது பெரிய எழுத்தில் அமைந்த இன்னொரு பத்தி. இரண்டாவது வழி, ‘அத்தியாயத் தலைப்பு’ என்ற பெயரில் ஒரு பாராகிராஃப் ஸ்டைல் உருவாக்கி அதைத் தலைப்புகளுக்கு எல்லாம் கொடுப்பது. தோற்றத்தில் மாற்றமில்லை. ஆனால் இப்போது மென்பொருளுக்கு எவையெல்லாம் தலைப்புகள், அவை எந்தப் பக்கத்தில் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பது தெரியும்.

அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இந்த ஸ்டைலைக் காட்டிப் பொருளடக்கம் உருவாக்கச் சொன்னால், பட்டியலை மென்பொருளே தொகுக்கும். பக்க எண்ணை அதுவே போடும். ஒவ்வொரு வரிக்கும் இணைப்பு வைக்கும். புக்மார்க் உருவாக்கும் தெரிவும் அதிலேயே இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரும் வேர்டும் தலைப்பு ஸ்டைல்களிலிருந்து இதே வேலையைச் செய்யும். பி.டி.எஃப் ஆக ஏற்றுமதி செய்யும் நொடியில்தான் மென்பொருள் ஒவ்வொரு இணைப்புக்கும் நான்கு எண்களைக் கணக்கிடுகிறது. இணைப்புள்ள சொற்றொடர் ஒரு வரியின் கடைசியில் தொடங்கி அடுத்த வரியில் முடிந்தால் இரண்டு கட்டங்கள் வேண்டும். அதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

போய்ச் சேரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கோப்புக்குள் இருக்கும் இணைப்பு ‘112’ என்ற அச்சான எண்ணை நம்பி இருப்பதில்லை. அந்தப் பக்கத்தைக் குறிக்கும் உள் அடையாளத்தை அது பிடித்துக்கொள்கிறது. கூடவே, பக்கத்தில் எந்த உயரத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். அதனால் முன்னுரையில் நான்கு பக்கம் பிறகு சேர்த்தாலும் இணைப்பு தவறாது. பக்கத்தைச் சுட்டுவதற்குப் பதிலாக ஓரிடத்துக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயரையே இணைப்பின் இலக்காகவும் வைக்கலாம். வேறொரு கோப்பிலிருந்து இங்கே தாவ வேண்டியிருந்தால் இதுவே உறுதியான வழி.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசி அடியில் பிரிண்ட் கட்டளை கொடுத்து பி.டி.எஃப் ஆக்கினால் எல்லாம் போய்விடும். பிரிண்ட் வழியில் போவது மை மட்டும்தான். கட்டங்களும் புக்மார்க்கும் போவதில்லை. எக்ஸ்போர்ட் அல்லது சேவ் அஸ் வழியில் போய், இணைப்புகளையும் புக்மார்க்குகளையும் சேர்க்கும் பெட்டிகளை டிக் செய்தால்தான் அவை கோப்பில் வந்து சேரும். தொட்டால் திறக்காத பொருளடக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கடைசி அடிதான்.

பொத்தானின் மூன்று முகங்கள்

இணைப்பு கண்ணுக்குத் தெரியாதது. பொத்தானுக்குத் தோற்றம் உண்டு, அதுவும் மூன்று. சும்மா இருக்கும்போது ஒன்று, சுட்டி மேலே வந்து நிற்கும்போது ஒன்று, அழுத்தும்போது ஒன்று. மூன்று படங்களும் முன்கூட்டியே வரையப்பட்டுக் கோப்பில் இருக்கும். செயலி தருணத்துக்கேற்ற படத்தை எடுத்துப் போடுகிறது. இன்டிசைனில் ஒரு படத்தையோ பெட்டியையோ பொத்தானாக மாற்றினால், இந்த மூன்று நிலைகளும் அதன் பலகையில் வரிசையாக நிற்பதைக் காணலாம். கைப்பேசியில் விரல் மேலே வந்து நிற்பது என்ற ஒன்று இல்லை. எனவே முக்கியமான செய்தி எதையும் இரண்டாம் முகத்தில் ஒளித்து வைக்கக் கூடாது.

அழுத்தும் செயலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொத்தானை அழுத்தும் கணம் வேறு, விடும் கணம் வேறு. கோப்பு இரண்டையும் தனித்தனி நிகழ்வுகளாகக் கருதுகிறது. வழக்கமாகச் செயலை விடும் கணத்தோடுதான் கட்டுவார்கள். தவறிப்போய் அழுத்திவிட்டவர், விரலை எடுக்காமலேயே பொத்தானுக்கு வெளியே இழுத்து விட்டுவிடலாம்; செயல் நடக்காது. ‘படிவத்தை அழி’ என்ற பொத்தானுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர்கள் அறிவார்கள்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சில் வர வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும் குறி ஒன்றும் உண்டு. பாடநூல் ஒன்றில் வினாவுக்கு அடியில் ‘விடையைக் காட்டு’ என்ற பொத்தானை வைத்து, விடையை மறைத்து வைக்கலாம். திரையில் மாணவர் தொட்டுப் பார்ப்பார். அச்சில் பொத்தான் வராமல் இருக்கச் செய்து, விடைகளைக் கடைசிப் பக்கத்தில் தனியே தந்துவிடலாம். ஒரே கோப்பு இரண்டு விதமாகவும் பயன்படும்.

கணக்குப் போடும் படிவம்

படிவத்தில் நாம் காணும் பெட்டி வேறு, அதன் பின்னால் இருக்கும் புலம் வேறு. புலத்துக்கு ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு. பெட்டி அந்த மதிப்பைக் காட்டும் இடம் மட்டுமே. ஒரே புலத்துக்கு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் பக்கத்தில் பெயரை நிரப்பியதும் ஐந்தாம் பக்கத்தின் உறுதிமொழியிலும் அதே பெயர் தானாக வருவது இதனால்தான். ஆண், பெண், பிற என்று மூன்று வட்டங்கள் இருந்தால் அவை ஒரே புலத்தின் மூன்று தோற்றங்கள். ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை விலகிவிடும்.

புத்தக விற்பனைப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 250 ரூபாய், பிரதிகள் 4. தொகை 1,000. பத்து சதவீதக் கழிவு 100. கட்ட வேண்டியது 900. கடைசி மூன்றையும் படிவமே கணக்கிட வேண்டும். பி.டி.எஃப் இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஏற்கும். பிரதிகள் பெட்டியில் ‘4’ என்று தட்டி வெளியே வந்ததும் வரிசையாகச் சில வேலைகள் நடக்கின்றன. தட்டியது எண்தானா, மதிப்பு ஏற்கத்தக்கதா என்ற சோதனைகள். பிறகு இதைச் சார்ந்த புலங்களின் கணக்கு. முடிவில் எண்ணுக்குக் காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் இட்டுக் காட்டுவது.

படிவம் அமைப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இங்கே உண்டு. எந்தப் புலத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்ற வரிசை கோப்பில் தனியாக எழுதியிருக்கும். அது பக்கத்தில் தெரியும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. ‘கட்ட வேண்டியது’ முதலிலும் ‘கழிவு’ பின்னாலும் கணக்கிடப்பட்டால், புதிய தொகையிலிருந்து பழைய கழிவைக் கழித்துத் தவறான விடை வரும். அடுத்த பெட்டியை நிரப்பும்போது அது தானாகச் சரியாகிவிடும் என்பதால் பிழை கண்ணில் படுவதும் கடினம். தொகை, கழிவு, கட்ட வேண்டியது என்று வரிசையைச் சரிசெய்வதே தீர்வு. இன்டிசைனில் படிவப் பெட்டிகளை அமைக்கலாம். கணக்கு நிரலையும் வரிசையையும் அடோபியின் பி.டி.எஃப் மென்பொருளான அக்ரோபாட்டில் சேர்க்க வேண்டும். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் பெட்டிகளோடு ஜாவாஸ்கிரிப்ட்டையும் சேர்த்தே எழுதலாம்.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் மூலம் படிவத்தைக் கேட்டு நிரப்புகிறார்கள். பெட்டிக்கு இடப்பக்கம் ‘பிறந்த தேதி’ என்று மையில் எழுதியிருப்பது, ஏற்கெனவே பார்த்தபடி, வேறோர் அடுக்கு. பெட்டிக்கு விளக்கப் பெயரைத் தனியே கொடுத்திருந்தால்தான் திரைவாசிப்பான் ‘பிறந்த தேதி’ என்று சொல்லும். கொடுக்காவிட்டால் ‘டெக்ஸ்ட் ஃபீல்டு 7’ என்பது போன்ற பொருளற்ற பெயரைத்தான் அவர் கேட்பார். டாப் விசையை அழுத்தினால் அடுத்து எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்ற வரிசையும் அப்படியே. ஒரு பெட்டிக்கு ஒரு வரி எழுதும் சிறு உழைப்பு, ஒரு மனிதர் தன் படிவத்தைத் தானே நிரப்பிக்கொள்ள வழி செய்கிறது.

கையொப்பமும் கேள்விக்குறியும்

படிவப் புலங்களில் ஒரு வகை, கையொப்பப் புலம். இ-ஆதார் கோப்பைத் தரவிறக்கியவர்கள் அதில் ஒரு கையொப்பக் கட்டத்தையும், சில செயலிகளில் அதன் மேல் கேள்விக்குறியையும் பார்த்திருப்பார்கள். கையொப்பமிடும் மென்பொருள், கையொப்பம் உட்காரும் இடைவெளியை மட்டும் விட்டுவிட்டுக் கோப்பின் மற்ற பைட்டுகள் அத்தனையையும் எடுத்து ஒரு சுருக்க மதிப்பைக் கணக்கிடுகிறது. அதை ஆவணத்தை வழங்குபவரின் இரகசியச் சாவியால் கையொப்பமாக்கி அந்த இடைவெளியில் வைக்கிறது. உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் சுருக்க மதிப்பு பொருந்தாது, செயலி காட்டிக்கொடுத்துவிடும். கேள்விக்குறி வந்தால் கோப்பு போலி என்று பொருளில்லை. கையொப்பத்தின் பின்னால் இருக்கும் சான்றிதழை இந்தச் செயலி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்பதே பொருள்.

அப்படியானால் ஒருவர் கையொப்பமிட்ட படிவத்தில் இன்னொருவர் எப்படிக் கையொப்பமிட முடிகிறது? பி.டி.எஃப் பழைய பைட்டுகளை அழிக்காமல், மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போக வல்லது. செயலி கோப்பை வால் பக்கமிருந்துதான் படிக்கத் தொடங்கும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையின் இடம் அங்கே எழுதியிருக்கும். முதல் கையொப்பம் காக்கும் பகுதி அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் புதிய பகுதி சேர்கிறது. இதே குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. திருத்தி நீக்கிவிட்டோம் என்று நினைக்கும் செய்தி கோப்பின் உள்ளே பழைய பகுதியில் இருந்துகொண்டே இருக்கலாம். இரகசியமானதை நீக்க வேண்டுமென்றால், மூல ஆவணத்தில் நீக்கிவிட்டு பி.டி.எஃப்பைப் புதிதாக உருவாக்குவதே பாதுகாப்பு.

தமிழுக்கு வரும்போது

தமிழ்ப் பதிப்புத் தொழிலில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். தாளில் குறையொன்றும் தெரியாது. ஆனால் இணைப்பு, புக்மார்க், படிவம் போன்ற ஊடாடும் வசதிகளுக்கு வேண்டியது வடிவம் அல்ல, எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்ற தலைப்பு கோப்பைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தத் தலைப்பிலிருந்து புக்மார்க் உருவானால், புக்மார்க் பலகை கணினியின் சொந்த எழுத்துருவில் அந்த ஐந்து குறிகளைத்தான் காட்டும். ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது. திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளை உளறும்.

இதற்கு மாறாக, பல மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ‘அ’வுக்கு 2949 என்ற எண் நிரந்தரமானது; தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. புக்மார்க்கின் தொடக்கத்தில் 254, 255 என்ற இரு பைட்டுகள் இருந்தால், பின்னால் வருவது யூனிகோடு என்று செயலி புரிந்துகொள்ளும். அடுத்து 11, 133 என்று இரு பைட்டுகள் வந்தால் அது ‘அ’. ஏனென்றால் 11ஐ 256ஆல் பெருக்கி 133ஐக் கூட்டினால் 2949. இந்த ஏற்பாடு பி.டி.எஃப்பில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. தமிழில் புக்மார்க் வைக்கத் தடை எதுவும் இல்லை.

யூனிகோடில் அமைத்த பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்னால் வைத்துச் சேமிக்கிறது. பக்கத்தில் வரையும்போது ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். வரைந்த வரிசையிலேயே எழுத்தைத் திரும்ப எடுத்தால் சொல் குழம்பிவிடும்; தேடலும் நகலெடுத்தலும் தடுமாறும். ‘இங்கே வரைந்திருப்பது உண்மையில் இந்த உரை’ என்று மறைவாக எழுதி வைக்கும் வசதி 2001இன் 1.4 பதிப்பிலிருந்து பி.டி.எஃப்பில் இருக்கிறது. ஏற்றுமதிக்குப் பிறகு ‘கொடுத்தான்’, ‘பெண்’, ‘போது’ போன்ற சொற்களைத் தேடிப் பார்த்தாலே, மென்பொருள் இதைச் சரியாகச் செய்ததா என்பது தெரிந்துவிடும். படிவப் பெட்டியில் வாசகர் தமிழில் தட்டும்போது சில செயலிகள் கொம்பையும் காலையும் சரியாகக் கோக்காமல் பிரித்துக் காட்டும். தமிழில் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பல செயலிகளில் சோதிக்காமல் வெளியிடக் கூடாது.

எது நிலைத்து நிற்கும்?

ஊடாடும் வசதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. ஒரு காலத்தில் ஃபிளாஷ் அசைபடங்களை பி.டி.எஃப்புக்குள் பதித்தார்கள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அந்த ஆவணங்களில் இருந்த அசைவு நின்றுபோனது. எக்ஸ்.எஃப்.ஏ. என்ற வகைப் படிவங்கள் அக்ரோபாட் அல்லாத பல செயலிகளில் ‘காத்திருக்கவும்’ என்ற ஒரே பக்கத்தைத்தான் காட்டும், 2017இன் பி.டி.எஃப் 2.0 தரம் அதைக் கைவிடத்தக்கது என்று ஒதுக்கிவிட்டது. தீய நிரல்கள் ஜாவாஸ்கிரிப்ட் வழியே நுழைந்ததால் பல அலுவலகங்கள் அதை அணைத்து வைக்கின்றன. நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வந்த பி.டி.எஃப்/ஏ தரம் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஒலி, ஒளிக் காட்சிகளையும் அனுமதிப்பதே இல்லை.

1993இல் வந்த இரண்டு எளிய பொருள்கள், இணைப்பும் புக்மார்க்கும், இன்று வரை ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் இயங்குகின்றன. 2008இல் பி.டி.எஃப் ஐ.எஸ்.ஓ. தரமாகி அடோபியின் கையை விட்டு வெளியே வந்த பிறகும் அவை மாறவில்லை. நான்கு எண்ணும் ஒரு செயலும் போன்ற மிகச் சிலவே தேவைப்படும் எளிமைதான் அவற்றின் ஆயுள். ஆகவே நூலுக்கு முதலில் தர வேண்டியவை இவையே. பொத்தான் அடுத்தது. நிரலும் அசைவும், அவை இல்லாவிட்டாலும் ஆவணம் பொருள் தரும் என்ற நிலையில் மட்டும்.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் டி.டி.பி. கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யூனிகோடில் பக்கம் அமையுங்கள். தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள். பொருளடக்கத்தை மென்பொருளே உருவாக்கட்டும். பிரிண்ட் வழியை விட்டு எக்ஸ்போர்ட் வழியில் போங்கள். ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள்; என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் தமிழை வாசிக்கும், ஆனால் இது தமிழ் என்று கோப்பு அவற்றுக்குச் சொல்ல வேண்டும். வெளியிடும் முன் சாதாரணக் கைப்பேசி ஒன்றில் திறந்து, பொருளடக்கத்தின் எல்லா வரிகளையும் தொட்டுப் பாருங்கள். இவற்றில் எதற்கும் கூடுதல் செலவு இல்லை. முந்நூறு பக்க நூலில் தனக்கு வேண்டிய பக்கத்தை வாசகர் ஒரே தொடுதலில் அடைவது ஆடம்பரம் அல்ல; நூலைக் காசு கொடுத்து வாங்கிய அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.